மூன்று, பிறகு இரண்டு

கொக்குவிலில், ரயர்க் கடையொன்றுக்கு மேலே
எங்கள் பரிசோதனை அறை.
மேசையில் ஊசிப் பம்ப், இலக்கம் பதினேழு.
குழாயைக் கிளிப்பால் நெரிக்கிறேன்.
மருந்து போக வழியில்லை.
பம்ப் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறது,
பிறகு கத்துகிறது:
மூன்று. பிறகு இரண்டு.
மூன்று. பிறகு இரண்டு.

"கேக்குதா?"
திரையில் நான்கு முகங்கள்.
ரொட்டர்டாமில் லீஸ்பெத் தலையை ஆட்டுகிறாள், இல்லையென்று.
'அலாரம் ஒலிக்கவில்லை' என்ற அவளுடைய குறைப்பதிவு
இரண்டு கிழமையாகச் சிவப்பில் கிடக்கிறது,
என் பெயருக்குக் கீழே.

மைக்கைக் கிட்டக் கொண்டுபோனேன்.
ஸ்ரான்லி வீதியில் ஒன்பதாயிரத்துக்கு வேறு மைக் வாங்கினோம்.
ரவுட்டரை யன்னலடிக்கு மாற்றினோம்.
நிரூபன் மேசைமேல் ஏறி
வயரைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றான்,
ஏதோ நேர்த்தி வைத்தவன் மாதிரி.
படம் குறையில்லாமல் போனது:
என் நகப்பூச்சு, கிளிப்பின் துரு,
சிவப்பு விளக்கு மின்னுவதுகூட.
சத்தம் மட்டும் கரைசேரவில்லை.

கொழும்பிலிருந்து தில்ருக்சிதான் பிடித்தாள்.
"நீங்க பேசும்போது மட்டும் கேக்குது அக்கா.
பேசுங்க. நிப்பாட்ட வேணாம்."
என்னத்தைப் பேச?
கீழ்க்கடையின் விலைப்பட்டியல் கையில் அகப்பட்டது.
முன் ரயர், பின் ரயர், ரியூப், வால்வு
என்று வாசித்துக்கொண்டே போனேன்.
என் சொற்களுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு,
ரிக்கற் எடுக்காமல் பஸ் ஏறிய பொடியன் மாதிரி,
அலாரம் கடல் தாண்டியது.
மூச்சு வாங்க நான் நிறுத்தினால்
அந்த இடத்திலேயே அதை இறக்கிவிட்டார்கள்.

அப்போதுதான் விளங்கிற்று.
கூட்டம் நடத்தும் மென்பொருளுக்கு யாரோ படிப்பித்திருக்கிறார்கள்:
மனிதக் குரல் சேதி, மற்றதெல்லாம் குப்பை.
ஒரே சுருதியில் திரும்பத் திரும்ப வருவதை
அது கூட்டித் தள்ளிவிடுகிறது.
திரும்பத் திரும்பக் கத்துவதற்குத்தானே
இந்தப் பம்புக்கு நாங்கள் படிப்பித்தோம்.

ஆளி மூன்று பட்டியல்களுக்கு உள்ளே இருந்தது.
அணைத்தேன்.

முதலில் போய்ச்சேர்ந்தது பம்ப் அல்ல.
கீழே றிம்மில் விழுந்த சுத்தியல்,
காற்றடிக்கும் கொம்பிரசர், இரண்டு காகம்,
ஒழுங்கையால் போன பாண் ஓட்டோவின் பழுதாய்ப்போன மெட்டு.
அவர்கள் பக்கமும் திறந்துகொண்டது.
ரொட்டர்டாமில் மழை. ஒரு கதிரை கிறீச்சிட்டது.
ஒன்றரை வருசமாய் லீஸ்பெத்தோடு வேலை செய்கிறேன்,
அவளிடம் நாய் இருப்பது அன்றுதான் தெரிந்தது.
எல்லாவற்றுக்கும் நடுவே, தெளிவாக,
மூன்று. பிறகு இரண்டு.
கை தட்டினார்கள். அதுவும் கேட்டது.

ஒருவர் தட்டவில்லை.
பெரியாஸ்பத்திரி கன்ரீன் மூலையிலிருந்து
போனில் இணைந்திருந்த தாதி சந்திரவதனி.
ஆலோசனைக்கென்று அழைப்போம், அதிகம் கதைக்கமாட்டா.
"பிள்ளையள், அந்த ஆளி எங்களுக்குள்ளையும் இருக்கு.
வாட்டில பதினொரு பம்ப். இரவு ரெண்டு மணி.
வேலைக்கு வந்த மூண்டாம் மாசம் அது தானா விழுந்திடும்.
பிறகு சத்தம் கேக்காது.
நோயாளியின்ர தாய் வந்து தோளில தட்டினாத்தான் கேக்கும்.
அதை எந்தப் பட்டியலுக்குள்ள போய் நிப்பாட்டிறது?"

ஒருவரும் மியூட்டில் இல்லை.
ஒருவரும் கதைக்கவில்லை.
நாய் மட்டும் எதையோ பார்த்து ஒருமுறை குரைத்தது.

லீஸ்பெத்தின் குறைப்பதிவைப் பச்சையாக்கி மூடினேன்.
புதிதாய் ஒன்று திறந்தேன்.
பழுது எங்கே? கருவி, இணைப்பு, வேறு.
'வேறு' என்று தெரிவுசெய்தேன்.
விவரம் தரச் சொன்னது,
கட்டாயம் நிரப்பவேண்டிய பெட்டி.
என்ன எழுதுவதென்று பார்த்துக்கொண்டிருந்ததில்
கிளிப்பைக் கழற்ற மறந்துபோனேன்.
பம்ப் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.
எவ்வளவு நேரமாக என்று
எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.