சின்னவிரல் அளவு

"உங்கட சின்னவிரல் அளவுக்கு வெட்டுங்கோ"
என்று சொல்லிவிட்டுத்தான்
மருத்துவமாது என் கையைப் பார்த்தார்.

அச்சகத்துக் கத்தி
இடது சின்னவிரலில் பாதியை எடுத்துப்
பன்னிரண்டு வருசம்.
வலது கை முழுசு. அதைக் காட்டினேன்.
சிரித்துக்கொண்டே அட்டையில் எழுதினார்:
மிரெல்லா. எட்டு மாதம். ஏழு கிலோ நானூறு.

ஜெனோவாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஏழுக்கு நிற்கும்.
அதற்குள் கழுவி, தோல் சீவி,
ஒரு கரட், ஒரு கீற்றுப் பூசணி,
வத்தாளங்கிழங்கில் பாதி.
இடியப்பத் தட்டில் அடுக்கி மூடுகிறேன்.
அந்தத் தட்டு இடியப்பத்தைக் கண்டு
மாதம் ஒன்றாகிறது.

வெந்ததா என்று கேட்க ஒரே வழி,
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கு.
நசுங்கினால் அவளுக்கு.
நசுங்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம்.
அவளுக்குக் கீழே இரண்டு பல்,
மற்றதெல்லாம் முரசு.

கோழிக்கூட்டுப் பழம் வழுக்கும்.
பிடித்த கணமே கையை விட்டுப் பாயும், மீன் மாதிரி.
கீழ்வீட்டு சுனேத்ரா படியில் நின்று
சிங்களத்தில் சொன்னாள்:
வறுத்த குரக்கன் மாவில் லேசாய்ப் புரட்டு,
தானாய் நிற்கும்.
நின்றது.
அன்று முழுக்க அவள் கன்னத்திலும்
என் சேட்டுக் கொலரிலும் குரக்கன்.

புதன்கிழமை
கிழங்குத் துண்டு கொஞ்சம் அதிகமாய் உள்ளே போனது.
கண் நிரம்பியது. முகம் சிவந்தது. நாக்கு வெளியே.
சத்தம் வந்தால் பயமில்லை,
சத்தம் நின்றால் கவிழ்த்து முதுகில் தட்டு
என்று பிரிட்ஜ் கதவில்
ஜெனோவாவின் எழுத்து, சிவப்புப் பேனையில்.
நான் சத்தத்தை எண்ணினேன்.
ஒன்று.
தெருவில் பாண் முச்சக்கரவண்டி
தன் ஒரே பாட்டை இழுத்துக்கொண்டு போனது.
அதை யாராவது நிறுத்துங்களேன்,
எனக்குப் பிள்ளையைக் கேட்க வேண்டும்.
இரண்டு.
மூன்றாவதில் கிழங்கு தட்டில் விழுந்தது.
யாரோ வைத்துவிட்டுப் போனது போல
அதைப் பார்த்தாள்.
எடுத்தாள். திரும்ப வாயில் வைத்தாள்.
நான்தான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

எழும்ப முடியாமல்
இடது கையை அவள் தட்டின் ஓரத்தில் ஊன்றினேன்.
கரட் ஒன்று, பாதி கடித்தது.
பூசணி ஒன்று, பாதி கடித்தது.
பக்கத்தில் என் விரல்.
அதையும் பிடித்தாள். முரசால் அழுத்திப் பார்த்தாள்.
வேகவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்;
கவனமாய்க் கரட்டுக்குப் பக்கத்தில்
வைத்துவிட்டாள், பிறகு பார்க்கலாம் என்பதுபோல.
பன்னிரண்டு வருசமாய்ப்
பஸ்சில், வங்கியில், கலியாண வீட்டில்
இந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.
அவளுக்கு அது
யாரோ முந்திக் கடித்த இன்னொரு துண்டு.

எட்டரைக்கு ஜெனோவா வந்தாள்.
செருப்பைக் கழற்றவில்லை, கையைக் கழுவினாள்,
குசினியில் நின்றபடியே
மிச்சக் கரட்டை வாயில் போட்டாள்.
"உப்பே இல்லை."
"ஒரு வயசு வரைக்கும் இல்லை."
"எனக்கு முப்பத்திமூன்று."
உப்பும் மிளகாய்த்தூளும் தூவி
தேசிக்காய் தேடினாள்.
பாதி தேசிக்காய் இருந்தது, காய்ந்துபோய்.
பிழிந்தாள்.
நிலத்தில் ஏன் இருக்கிறாய் என்று
அப்போதுதான் கேட்டாள்.