அங்க அடையாளம்

பகல் முழுக்க மற்றவர்களை நிரப்புகிறேன்.
பெயர். தகப்பனார் பெயர். படகின் எண்.
அங்க அடையாளம் இரண்டு.
பாம்பன் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் பதிவு,
கழுத்து திரும்பாத ஒரு மின்விசிறி.
வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்பார்கள்.
இன்னொன்று? என்பேன்.
யோசிப்பார்கள். பிறகு கைலியை மடித்து
திருக்கை வால் கிழித்த கெண்டைக்காலைக் காட்டுவார்கள்.

இரவு பத்தரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எனக்கென்று ஓர் ஆளை உண்டாக்குகிறேன்.

போன ஆள் செத்துவிட்டாள்.
மரப்பாலம், மழை, பின்னால் ஓநாய்கள்.
இருபது முகக் கட்டையை உருட்டினேன், ஒன்று.
எங்கள் தெருவில் ஒன்று விழுந்தால் தாயம்,
காய் இறங்கும், பிள்ளைகள் கத்துவார்கள்.
அந்த உலகத்தில் ஒன்று விழுந்தால்
ஆளே இறங்கிவிடுகிறாள், ஆற்றுக்குள்.

ஆட்டத்தை நடத்துகிற நிரூஜனுக்குப் பேசாலை.
மன்னாரில் இருக்கிறது. இங்கிருந்து ரொம்பக் கிட்டத்தில்,
பாஸ்போர்ட் இருந்தால் ரொம்பத் தூரத்தில்.
காரைக்குடியிலிருந்து ஒரு வங்கிக்காரர்,
தோஹாவிலிருந்து அக்கா தம்பி இரண்டு பேர்,
நான்.

வலு: ஆறு.
ஐஸ் பெட்டியின் ஒரு காதைக்கூடத் தூக்க மாட்டாள்.
வசீகரம்: பதினேழு.
'பேசியே தப்பிக்கிற ஆள்' என்றார் நிரூஜன்.
'கடல் இனம் ஒண்டு இருக்கு, எடுக்கிறீங்களா?
செவுள் இருக்கும், மூச்சு முட்டாது.'
வேண்டாம் என்று எழுதினேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
பேசாலையிலும் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள்போல.

அரை எல்ஃப் எடுத்துக்கொண்டேன்.
கொண்டல் என்று பெயர்.
அது உங்கள் பக்கமிருந்து வருகிற காற்று என்றேன்.
'எங்களுக்கும் அது கிழக்கால இருந்துதான் வருது' என்றார்.

போன மாதம் ஒரு சண்டைக்கு நடுவில்,
பூதங்களுக்கு அவர் கட்டை உருட்டிக்கொண்டிருந்தபோது,
'உங்கட ரோலர் எங்கட வலையை அறுத்திட்டுது,
எட்டு வலை' என்றார், அதே குரலில்.
எங்களூர் ஆட்கள் ஒன்பது பேர் அப்போது
அவர்கள் சிறையில் இருந்தார்கள். அதை நான் சொல்லவில்லை.
வங்கிக்காரர் இருமினார்.
என் முறை வந்தது. பூட்டைத் திறக்க முயன்றேன்.
பதினான்கு. திறந்தது.

இன்றைக்குப் புது வரைபடம் அனுப்பினார்.
காடு, கோட்டை, உப்பளம்போல் வெளுத்த ஒரு சமவெளி,
நடுவில் கடல்.
கடலில் கோடு இல்லை.
மறந்துவிட்டீர்களா என்று தட்டினேன்.
மூன்று புள்ளிகள் துள்ளின, நின்றன,
மறுபடி துள்ளின.
'இல்ல. நான்தான் கீறேல்ல.'

பிறகு படிவத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டினார்.
'குறை ஒண்டு எழுதுங்கோ.
குறையில்லாத ஆளை உள்ளுக்கு விடமாட்டன்.'
நீச்சல் தெரியாது என்று எழுதினேன், அழித்தேன்.
கரையில் நின்று எண்ணுவாள் என்று எழுதினேன்.
என்ன எண்ணுவாள்?
படகுகளை. சரியாக வரும்வரை.

ஒன்றரை மணி. மறுநாள் டோக்கன் நாள்.
மிச்சமிருந்த ஆறு படிவங்களை
அந்தத் தூக்கத்திலேயே முடித்தேன்.

காலையில் சிங்கராயர் வந்து நிற்கிறார்.
கையில் அவருடைய தாள்.
'இது என்னம்மா?'
அங்க அடையாளம் ஒன்று: கெண்டைக்காலில் தழும்பு.
இரண்டு: இரு காதுகளும் நுனியில் கூர்மையானவை.
கீழே பச்சை மையில் கையெழுத்து,
சீல்.
யாருமே வாசித்திருக்கவில்லை.

திருத்தித் தருகிறேன் என்று கையை நீட்டினேன்.
படகு கிளம்புகிறது, நேரமில்லை என்றார்.
தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
லேமினேஷன் மெஷினின் பளபளப்பில் குனிந்து
வலது காதைத் தடவிப் பார்த்தார்.
அப்புறம் இடது காதை.