இழுத்தால் சூடு

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
பெருங்குடிக் கொட்டகைத் தகரத்தில்
காக்கா கூட உட்காரவில்லை.
நானோ
எழுபது வயது இரட்டை இருக்கை விமானத்தின்
மூக்குக்குள் தலையை விட்டு
ஹீட்டரைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

"மருதைக்கு எதுக்குண்ணே ஹீட்டரு?"
வாட்ச்மேன் சங்குமணிக்கு என்னிடம் பதில் இல்லை.
இளவழுதியிடம் இருக்கிறது:
"வரைபடத்துல இருந்தா வண்டியிலயும் இருக்கணும்."
திருமங்கலத்தில் ஜின்னிங் ஆலை அவருக்கு,
ஒரு பருத்திக்கொட்டையைக் கூடக் கணக்கில் விடாதவர்.

குமிழ் இருந்த ஓட்டையில்
அம்பாசடர் காரின் சோக் கம்பி.
அசல் குமிழ்
திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
ரேடியோ திருகுக்கும் பல்செட்டுக்கும் நடுவே
கிடைத்தது என்றால் நம்புவீர்கள்.
கிடைக்கவில்லை.
இருக்கைக்கு அடியில், எலிக்கூட்டில்,
முழுசாக இருந்தது. கறுப்பு பேக்லைட்.
எழுத்துப் பள்ளங்களில்
வெள்ளைப் பெயிண்டை ஊசியால் நிரப்பினேன்.

புதுக் கம்பி. மண்ணெண்ணெயில்
இரண்டு ராத்திரி ஊறிய பழைய உறை.
இழுத்தேன்.
அசையவில்லை.

தீச்சுவருக்கு அந்தப் பக்கம்
சூடு நுழையும் சின்னக் கதவின் மேல்
கடலை எண்ணெய் டின் தகடு, எட்டு ரிவெட்.
தகட்டில் பாதிக் கிளி.

எந்த முட்டாப்பய, என்றேன்.
அதைவிட மோசமாகவும் சொன்னேன்,
ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒன்று.
எட்டாவதைத் துளைத்துத் தகட்டைப் புரட்டினால்
உட்புறம் ஆணியால் கீறியிருந்தது:
புகை. திறக்காதே.
11.2.71.
பெயரில்லை.

கப்பலூர் பட்டறையில் அமலோற்பவம்
சைலன்சரின் வாயை அடைத்துக் காற்றேற்றி
சோப்புத் தண்ணீர் பூசினாள்.
உறை மறைத்திருந்த வளைவில்
கைக்குழந்தை உதட்டில் வருவதுபோல்
ஒரு கொப்புளம். இன்னொன்று.
முடி கனத்தில் விரிசல்.
அதன் வழியே வருவதற்கு
பாதி நேரம் நிறமிருக்காது, வாடை இருக்காது.
தூக்கம்போல வரும்.
நல்ல தூக்கம்.

அவள் ஆர்கானில் பற்றவைக்க,
நான் வெளியே நின்று
சொன்ன எட்டையும் திரும்ப வாங்கப் பார்த்தேன்.
ஐந்து வந்தது.

நேற்று எஞ்சினை ஓட்டி
குமிழை இழுத்தோம்.
வெளியே நாற்பத்தோரு டிகிரி.
முழங்காலில் வந்து மோதியது
துருவும் எலிமூத்திரமும் மணக்க
அசல் சூடு.
"மூடுங்கண்ணே!" அமலோற்பவம்
முழுக்க நனைந்து, சிரிப்பில் மூச்சுமுட்டி.
தள்ளினேன்.
மூடிக்கொண்டது. அதுவும் முக்கியம்.

பதிவேட்டில், மை வியர்வையில் கலங்க,
ஒரே வார்த்தை எழுதினேன்: திறக்கலாம்.

பிறகும் மனசு கேட்காமல்
விஷப்புகை பட்டால் கறுக்கும் வட்ட அட்டை ஒன்றைப்
பலகை ஓரம் ஒட்டினேன்.
வரைபடத்தில் அது இல்லை.
இளவழுதி முகம் சுளித்தார்.

இதுவரை ஆரஞ்சாகத்தான் இருக்கிறது.
இன்று காலையும் போய்ப் பார்த்தேன்.