நூறு சொற்களுக்குள்

நூறு சொற்களுக்குள் முடிக்கவேண்டும் என்கிறது
மாநாட்டுக்காரர்களின் மடல்.
பேராசிரியர் துலிக்கி ராப்பனா எழுதித் தந்தது
இருநூற்றுப் பதினான்கு.
வெட்டுவது என் வேலை.
இருபத்தொன்பது வருடமாக ஊலு நகரில்
மின்பொறியியல் துறை எழுத்தர் நான்.

பிறந்தது கெமி. வெட்டினேன்.
மரக்கூழ் ஆலையின் மின்பட்டறையில் இரண்டு கோடை. வெட்டினேன்,
பிறகு 'பட்டறை' மட்டும் திரும்ப வைத்தேன்,
பிறகு அதையும்.
முதுகலை இங்கே. முனைவர் பட்டம் இங்கே.
இடையில் பெல்ஜியத்தில் பதினெட்டு மாதம்;
மழை பிடிக்கவில்லை என்று எழுதவில்லை, சொன்னார்.

ஆய்வு: மிகக் குறைந்த மின்னோட்டச் சுற்று வடிவமைப்பு.
இந்த ஐந்து சொல்லில் யாரும் கைவைக்க முடியாது.

ஆற்றுப் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்து
விரிசல் விடும் ஓசைக்கு மட்டும் கண் திறக்கும் சில்லு.
சட்டைப் பொத்தான் அளவு மின்கலம்,
அது ஏழு குளிர்காலம் தாங்கவேண்டும்.
மூச்சை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற கஞ்சத்தனம்.

முதல் சில்லு மேசைமேல் நன்றாக ஓடியது.
ஆற்றில் பதித்தார்கள். செத்துக் கிடந்தது.
தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தால், பிழைத்தது.
கணினி எல்லாவற்றையும் இருபத்தேழு பாகையில் பார்த்திருந்தது.
ஊலுவில் இருபத்தேழு பாகை வந்தால்
செய்தித்தாளில் போடுவார்கள்.

மூன்று மாதம் தேடிக் கண்டது இது:
அந்தச் சுற்றுக்கு இரண்டு நிலை.
ஓடுவது ஒன்று, ஓடாதிருப்பது ஒன்று.
சமன்பாடு இரண்டையும் ஒப்புக்கொள்கிறது.
சுழியத்தில் விழித்தால்
சுழியத்திலேயே சுகமாக இருந்துவிடும்.
யாராவது ஒரு தட்டு தட்டவேண்டும்.

தட்டுவதற்கென்று மூலையில் ஒரு டிரான்சிஸ்டர் சேர்த்தார்.
ஓட்டம் பிடித்ததும் அது தன்னை அணைத்துக்கொள்ளும்.
அப்புறம் ஏழு வருடமும் வேலையில்லை,
இருப்பது அளந்தாலும் தெரியாது.
வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார்.
எனக்குச் சுற்று தெரியாது. தலையாட்டினேன்.

தொண்ணூற்றேழு ஏப்ரல் கடைசி நாள்.
வெளியே மாணவர்கள் வெள்ளைத் தொப்பியோடு
வசந்தத்தைக் கத்திக் கத்தி அழைத்துக்கொண்டிருந்தார்கள்.
பனி இன்னும் கரையவில்லை.
நான்கு மணிக்கு மூடிய ஜன்னலை நான்கேகாலுக்கு
கையுறை கழற்றாத ஒரு கை தட்டியது.
ஆய்வு மாணவர் இடத்துக்கு விண்ணப்பம்.
பின்பக்கத்தில் காபிக் கறை.
என் முத்திரையில் தேதி மட்டும்தான், மணி கிடையாது.
குத்தினேன்.
வீட்டுக்குப் போனேன். சால்மன் சூப்.
நினைவிருக்கிறதா என்று அவரைக் கேட்டதில்லை.

இப்போது எண்ணினால் தொண்ணூற்றெட்டு.
அவர் அறையில் விளக்கு எரிகிறது.
மணி மூன்றுதான், இருட்டிவிட்டது.

'கெமி'யைத் திரும்ப வைத்தேன்.
இன்னும் ஒரு சொல்லுக்கு இடமிருந்தது.
அதைக் காலியாக விட்டு அனுப்பினேன்.