சர்வே எண் நூற்றுப் பதினாலு

வடக்கே முடிகொண்டான் ஆறு.
தெற்கே ஒரு வடிகால்; வரைபடத்தில் பெயரில்லை,
ஊரில் அதற்கு மூன்று பெயர்.
கிழக்கே எல்லைக்கல் இருந்த இடத்தில் செல்போன் கோபுரம்.
மேற்கே தார் எங்கே தீர்கிறதோ
அங்கே தீர்கிறது ஆலவெளிமங்கலம்.

நஞ்சை இருநூற்றுப் பதினாறு ஹெக்டேர்.
புறம்போக்கு, சுடுகாட்டையும் சேர்த்து, ஒன்பது.
மேடு என்று சொல்ல
நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுக் களம் மட்டும்.

தலைகள் நானூற்றுப் பதினொன்று.
திருப்பூரில் இருப்பவர்களை அடித்துவிட்டேன்.
"அடிக்காதீங்க சார், பொங்கலுக்கு வந்துட்டுத்தான் போனான்"
என்றாள் மலர்க்கொடி.
விதி அப்படியில்லை என்றேன்.
மகனுடைய கட்டிலில் யூரியா மூட்டை இருந்தது.

பிப்ரவரியின் கடைசி இரவு
வீடில்லாதவர்களைத் தேடி டார்ச்சோடு இறங்கினேன்.
தாளடி அறுத்த வயலில்
ஒரு வலை, வலைக்குள் ஆயிரம் வாத்து,
வெளியே நான்கு பேர்:
சன்னாசி, பொம்மக்கா, இரண்டு பிள்ளைகள்.
சின்னவள் பிறந்த ஊர்?
"ஆத்துக்கு அந்தாண்ட ஒரு வயலு.
முழங்கால் தண்ணி நின்னுச்சு."
கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் எழுதினேன்.
வாத்துக்குக் கணக்கில்லையா என்றான் பெரியவன்.
நானூற்றுப் பதினைந்து.

விடியுமுன் வரப்பு தாண்டிவிட்டார்கள்.
அடுத்த ஊர் லூர்துசாமி சாரும்
அவர்களை எண்ணியிருக்கிறார்.
எல்லையில் நின்று தாள்களை ஒப்பிட்டோம்.
யார் அடிப்பது?
அவர் வெயிலைப் பற்றிப் பேசினார்,
நான் பேனாவை மூடினேன்.
நாட்டில் நான்கு பேர் அதிகம்.
வரப்பில் கிடந்த இரண்டு முட்டைகளை
ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு
அவரவர் ஊருக்குத் திரும்பினோம்.