நாலு மில்லி

எவ்வளவு ஆழம் போவீங்க என்று கேட்டேன்.
டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.
வலிக்குமா என்றுதான் எல்லோரும் கேட்பார்களாம்.

நான் களியல் பக்கம் ரப்பர் வெட்டுகிறவள்.
பட்டையில் கடைசி ஒரு மில்லியை
விட்டுவைக்க வேண்டும்.
கத்தி தடியைத் தொட்டால்
அந்த இடம் முண்டு முண்டாக வீங்கி
மறுபடி வெட்ட விடாது மரம்.
ஆழத்தைத்தான் கேட்பேன், வேறென்ன கேட்பேன்.

நாலு மில்லி, என்றார்.
காதுக்குப் பின்னால், மண்டை எலும்பில்,
ஒரு டைட்டானியம் ஆணி.
அந்த இடத்தில் எனக்கு எலும்பு எத்தனை மில்லி?
அதையும் படம் எடுத்து அளந்து வைத்திருந்தார்.
அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வயதில் ஒழுகத் தொடங்கிய காதுகள்.
இரண்டு ஆபரேஷன், சொட்டுமருந்து, நேர்ச்சை.
காதுக்குள் மாட்டும் மிஷின் வாங்கினோம்;
சீழில் மிஷினும் கெட்டது, காதும் கெட்டது.
ஆனால் ஷீட் அடிக்கிற உருளையின் சட்டத்தில்
நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றால்
அது என்னோடு கரகரவென்று பேசும்.
யாரிடமும் சொன்னதில்லை.

தாளில் இரண்டு கோடு காட்டினார் டாக்டர்.
காற்று வழி வருவது கீழே, அறுபதில்.
எலும்பு வழி வருவது மேலே, பதினைந்தில்.
நடுவே வெள்ளையாக ஓர் இடைவெளி.
முப்பத்தெட்டு வருஷம் நான் அதற்குள்தான் குடியிருந்தேன்.
வாடகை கொடுத்தது நானாக்கும் என்பார்
எனக்க வீட்டுக்காரர், தொண்டை கட்டிய குரலில்.

முதலில் ஒரு வாரம்
கருவியைத் தலையில் பட்டை போட்டுக் கட்டி அனுப்பினார்கள்.
பிடித்தால் ஆணி, பிடிக்காவிட்டால் பட்டையைத் திருப்பிக் கொடு.
ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுவதும் கேட்டது.
அதற்காக முடிவை மாற்றவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் துளைத்தார்கள்.
ஒன்று சொல்ல வேண்டும்:
பிறந்து வளர்ந்து நான் பிசிறில்லாமல் கேட்ட முதல் சத்தம்
என் எலும்பைத் துளைத்த சத்தம்.

எலும்பு ஆணியோடு கூட மூன்று மாதம்.
மரங்கள் இடுப்பில் பிளாஸ்டிக் கட்டி
மழைக்கு நின்றன. நான் தலையில் துணி கட்டி நின்றேன்.
ஆடியில் ஆணியைச் சுற்றித் தோல் சிவந்து நீர் கசிந்தது.
நூற்றில் சிலருக்கு வரும், களிம்பு போடு,
மெல்லிய பிரஷால் தினம் கழுவு, நேசபாய், என்றார்.
தெரியும் சார், வெட்டுத்தடம் அழுகினா
நாங்களும் மருந்துதான் தேய்ப்போம் என்றேன்.
இரண்டு வாரத்தில் காய்ந்தது.

கருவியை மாட்டினார்கள். அறுபது முப்பதுக்கு வந்தது.
பால் சிரட்டையில் சொட்டுவதற்குச் சத்தம் உண்டு.
எனக்க வீட்டுக்காரருக்குக் கத்தாத குரல் ஒன்று உண்டு,
அது கொஞ்சம் வெட்கப்படும்.
சத்தங்காட்டாத பெண் என்று ஊரில் எனக்கிருந்த நல்ல பேருக்கும்
காரணம் தெரிந்தது:
என் குரல் எனக்குள் எப்போதும் இடியாக இருந்ததால்
உலகத்திடம் கிசுகிசுத்தே வந்திருக்கிறேன்.

குறையும் உண்டு. ஆணி ஒரு பக்கம்தான்.
விடியுமுன் நாலு மணி இருட்டில்
பன்றி உறுமுவது கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை.
முன்பு எனக்குப் பயமே கிடையாது.
இப்போது ஹெட்லைட்டோடு ஒரு முழுச்சுற்றுச் சுற்றுகிறேன்.
இதையும் எழுதுங்க சார் என்றேன். எழுதினார்.

நேற்று பால் எடுக்கிற இடத்தில்
வில்பிரட் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
தலையைத் திருப்பாமல் பையனிடம் சொன்னான்:
"முப்பத்தாறு. அவளுக்கு எங்க கேக்கப் போவுது,
முப்பத்திரண்டுன்னு போடுடே."

முப்பத்தாறு, என்றேன்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ,
ரோட்டில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.
பையன் அடித்து எழுதினான்.

ஒரு பேட்டரி ஒரு வாரம் வரும்.
நாலு பாயிண்டுக்கு
இரண்டு வாங்கலாம்.