ஆதாரம் கையிலிருந்தால்

கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னால்
சலவைக் கடையின் மாடியில் நான்காம் அறை.
செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு
மீன் ஆலையிலிருந்து நேரே வருகிறவர்கள்
மூன்று தடவை சோப்பு போட்டும் போகாத
காட் மீன் வாசனையோடு
எதிர்காலம் படிக்க உட்காருகிறார்கள்.

கிர்ஸ்டி பிளான்ஷார்டுக்கு வயது இருபத்தாறு.
வகுப்பிலேயே இளையவள் அவள்தான்.
பலகையில் இரண்டு கோடு இழுத்து மூன்று பத்தி ஆக்குகிறாள்.
வெறும் நம்பிக்கை என்றால் 'வில்'.
கண்ணெதிரே தடயம் இருந்தால் 'கோயிங் டு'.
ஒன்றும் தெரியாது,
ஆனாலும் வாயை மூட மனமில்லை என்றால் 'மைட்'.

முதல் படம்: ஒரு கால் முறிந்த ஏணி,
உச்சியில் பெயின்ட் வாளியோடு ஒருவன்.
விழப்போகிறான் என்கிறது வகுப்பு, ஒரே குரலில்,
கொஞ்சம் சந்தோஷமாகவே.

அடுத்தது: குறி சொல்கிறவள், கண்ணாடி உருண்டை.
நீ பணக்காரன் ஆவாய். இதற்கு 'வில்'.
ரெப்வார் கை தூக்குகிறான்:
"அவள் உருண்டைக்குள் எட்டிப் பார்க்கிறாளே,
அது தடயம் இல்லையா?"
கிர்ஸ்டி மார்க்கரை மூடித் திறக்கிறாள்.
"காசு கொடுத்தவனுக்கு இருக்கலாம்."

எனக்கு இதில் பெரிய வியப்பில்லை.
இதை எழுதுகிற மொழியிலும்
இன்னும் வராத மழை
வரப்போகிறது.
வருவதும் போவதும் ஒரே சொல்லுக்குள்.
குடைதான் பாவம், எந்தப் பக்கம் விரிவது?

டெஸ்ஃபலெமிடம் பாதி வாக்கியம் தரப்படுகிறது:
'அடுத்த ஆண்டு இந்நேரம்…'
உள்துறையின் கடிதத்துக்காகப் பதினேழு மாதமாகத்
தபால்காரரின் காலடி எண்ணுகிறவன்.
பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தான்.
அடித்தான். திரும்ப அடித்தான்.
கடைசியில் எழுதினான்:
'அடுத்த ஆண்டு இந்நேரம்
நவம்பராக இருக்கும்.'
இலக்கணப் பிழை இல்லை.
கிர்ஸ்டி ஒரு சின்ன டிக் போட்டாள்.
அதை ஏன் அவ்வளவு மெதுவாகப் போட்டாள் என்று தெரியவில்லை.

டங்குவோலே ஏழு வாரமாகப் பேசியதில்லை.
வருவாள், கோட்டைக் கழற்றமாட்டாள்,
எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொள்வாள்.
அன்று அவள் பலகையைப் பார்க்கவில்லை.
கூரையில் தேநீர் நிறத்தில் படர்ந்திருந்த ஈரத்தை,
அதன் நடுவே தொங்கிய வயிற்றைப் பார்த்தபடி
நிதானமாக, ஒரு சொல் விடாமல் சொன்னாள்:
"அது விழப்போகிறது."
"அருமை!" என்றாள் கிர்ஸ்டி. "எப்படித் தெரி—"

விழுந்தது.
இரண்டு மேசைக்கு நடுவே, சுண்ணாம்பும் தண்ணீரும்
எந்தக் காலத்திலோ செத்த ஒரு குளவிக் கூடும்.
யாருக்கும் அடியில்லை.
முதலில் சிரித்தது யாரென்று இப்போதும் சச்சரவு.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாற்போல
கிர்ஸ்டி பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள்.
"ஒரு விஷயம். ஜனவரியில் இந்த வகுப்பு
ஒருவேளை நடக்காமல் போகலாம்."
மூன்றாம் பத்தியைச் சொன்னாள். 'மைட்.'

ரெப்வார் கையைத் தூக்காமலே கேட்டான்:
"அது நகராட்சிக் கடிதமா?"
ஆமாம்.
"கையெழுத்து இருக்கிறதா?"
இருக்கிறது.
"அப்படியென்றால் 'மைட்' தப்பு, மிஸ்.
ஆதாரம் உங்கள் கையில் இருக்கிறது."

அவள் உறையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.
பிறகு சரியான பத்தியிலிருந்து
முழு வாக்கியமாகத் திரும்பச் சொன்னாள்.
நாங்களும் எழுதிக்கொண்டோம்,
டங்குவோலே பேனாவால்.

சுண்ணாம்பைக் கூட்டி அள்ளும்போது டெஸ்ஃபலெம்
வியாழக்கிழமை ஏணி கொண்டுவருவதாகச் சொன்னான்.
'வில்' என்றே சொன்னான்.
நம்பிக்கையா என்று கேட்டேன்.
கிர்ஸ்டி முந்திக்கொண்டாள்:
"அது கணிப்பே இல்லை, வாக்கு.
பதினோராம் பாடம். அங்கே நாம் இன்னும் வரவில்லை."

அவன் காதில் அது விழவில்லை.
கூரை ஓட்டைக்குக் கீழே நின்று
உயரத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தான்.
இரண்டு காலும் நன்றாயிருக்கிற ஏணிதான்,
ஆனாலும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றான்.